வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நெல்லைப் பக்கத்துக் கடை, ஹோட்டல், பட்டறைக்காரர்களுக்கு

டவுன் ரத வீதிக் கடைகள், ஜங்ஷன் ஹோட்டல்கள், பேட்டை தொழிற்பேட்டைப் பட்டறைகள், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகள் என்று பல இடங்களுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலையும் பார்த்துக் கொடுக்கிறேன். எங்கே போனாலும் முதலாளிகள் கேட்கும் சந்தேகங்கள் அதேதான். கேட்டவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

எங்க கடையில ஆறு பேருதான் நிக்காவ அண்ணாச்சி. இந்தச் சட்டமெல்லாம் எங்களுக்கும் உண்டா?

உண்டு. ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், வார விடுமுறை இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தும். ஆறு பேர் என்றால் இன்னொன்றும் சேர்கிறது: ஐந்து பேர் ஆனதும் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதி கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு 60 ரூபாய்தான், அதில் அவர் பங்கு 20, உங்கள் பங்கு 40. ஜனவரி 31க்குள் கட்டினால் அவர்களின் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். இந்தச் சின்னத் தொகையை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுப்பவர்கள் நிறைய.

பெரிய படி இரண்டு. பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி (பணிக்கொடை), மகப்பேறு பலன், பெண்களின் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு, கடைப் பதிவு எல்லாம் வரும். இருபது பேர் ஆனால் பி.எஃப்., போனஸ். அதனால் எந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஆள் கணக்கைத்தான்.

மச்சினன், அக்கா மகன் எல்லாம் கடையில நிக்கான். அவங்களையும் ஆளா எண்ணணுமா? பார்ட் டைம் பையன்?

கடைகள் சட்டத்தில் முதலாளியோடு ஒரே வீட்டில் இருந்து அவரை நம்பி வாழும் கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் மட்டும் வேலையாள் கணக்கில் வரமாட்டார்கள். அக்கா மகனுக்கும் மச்சினனுக்கும் அந்த விலக்கு இல்லை. சம்பளம் வாங்கினால் அவர்களும் ஆள்தான்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கில் இன்னும் கவனமாக இருங்கள். பார்ட் டைம், தினக்கூலி, மேஸ்திரி மூலம் வந்தவர், கூட்டிப் பெருக்க வரும் அம்மா, வாசலில் நிற்கும் வாட்ச்மேன் எல்லோரும் சேர்வார்கள். ‘அவர் ஏஜென்சி ஆள், நம்ம ஆள் இல்லை’ என்ற பதில் செல்லாது. ஏஜென்சி கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். ஏஜென்சி பில்லுக்குத் துட்டு கொடுக்கும் முன்னால் அந்த மாதச் சலான் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஸ்கூல் லீவுல பக்கத்து வீட்டுப் பையன் சும்மாதான் இருக்கான், ரெண்டு மாசம் கடையில நிக்கட்டுமே?

பதினான்கு வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம். பதினான்குக்கு மேல் பதினெட்டுக்குள் என்றால் ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. வயதை வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் பள்ளிச் சான்று நகலை வாங்குங்கள். நகலை மட்டும், அசலை அல்ல. அதைப் பற்றிக் கீழே தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது.

நாலு புதுச் சட்டம் வந்துட்டுன்னு சொல்லுதாவளே, பழசெல்லாம் போயிட்டா?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. இருபத்தொன்பது மத்தியச் சட்டங்கள் இந்த நான்குக்குள் அடங்கிவிட்டன. ஆனால் புதிய தொகுப்புகளுக்கு முரணாக இல்லாத பழைய விதிகளும் அறிவிக்கைகளும் தொடர்ந்து செல்லும். பத்துப் பேர், இருபது பேர் என்று மேலே சொன்ன படிகள் மாறவில்லை.

மாநிலச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1958ஆம் வருஷத்து தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இரண்டும்தான் கடைக்காரரின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை. ‘பழசு போயிட்டு’ என்று நினைத்து இவற்றை விட்டுவிடாதீர்கள்.

புதிதில் உடனே செய்ய வேண்டியது இரண்டு. ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளம், நேரம், விடுமுறை. அடுத்தது, வேலையை விட்டுப் போனாலும் நீக்கினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘அடுத்த மாசம் ஏழாந்தேதி வந்து வாங்கிக்கோ’ என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இனி கூடாது.

கார்ப்பரேஷன் லைசென்ஸ் இருக்கு, ஜி.எஸ்.டி. இருக்கு. பொறவு எதுக்குக் கடைப் பதிவு?

அவை வேறு, இது வேறு. கடைகள் சட்டத்தில் 2018இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் கடைகளும் நிறுவனங்களும் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே முடிந்துவிடும். அப்படியே வெளியே வந்து உங்கள் பெயர்ப் பலகையையும் ஒருமுறை பாருங்கள். தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி இவற்றுக்கு 5:3:2 என்ற அளவை விதியே சொல்கிறது.

சம்பளம் மாசாமாசம் கையிலதான் குடுக்கோம். ஒரு குறையும் வெச்சதில்ல. எழுதி வேற வைக்கணுமா?

கட்டாயம் வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவுப்படி, சம்பளம் வரவில்லை, குறைவாக வந்தது, போனஸ் வரவில்லை என்று ஒருவர் கோரிக்கை வைத்தால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளி தலையில்தான் விழும். அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். நீங்கள் கையில் கொடுத்தது கடவுளுக்குத் தெரிந்திருக்கலாம், அதிகாரி முன்னால் காட்டக் காகிதம் வேண்டும்.

அதனால் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள், அதுவே சாட்சி. ஏழாந்தேதிக்குள் போடுங்கள், சம்பளச் சீட்டு கொடுங்கள். வருகைப் பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். ஒரு கடையில் பார்த்த பதிவேடு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரை எல்லாக் கட்டத்திலும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, சித்திரை விசுவுக்கு ஊருக்குப் போயிருந்தவர் பெயருக்கு நேரேகூட ‘வந்தார்’ என்று இருந்தது. உட்கார்ந்த இடத்தில் வருஷம் முழுக்க எழுதியது. ஆய்வாளர் இரண்டு பக்கம் புரட்டினால் கண்டுபிடித்துவிடுவார். அப்படியொரு பதிவேட்டைக் காட்டினால் நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட அவர் நம்பமாட்டார்.

மூணு நேரம் சாப்பாடு, தங்க ரூம் எல்லாம் தாரோம். அதைக் கழிச்சுட்டுக் குறைஞ்சபட்சச் சம்பளம் குடுத்தாப் போதும்லா?

போதாது. குறைந்தபட்ச ஊதியம் பணமாக அவர் கையில் சேர வேண்டும். சாப்பாட்டுக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு என்று நீங்களாக ஒரு தொகை போட்டுக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிடித்தம் எதெதற்குச் செய்யலாம் என்று பட்டியலே இருக்கிறது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த பணத்துக்கும் விசாரிக்காமல் பிடிப்பதும் தப்பு.

குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு தொழிலுக்கும் வேறு. கடை, ஹோட்டல், பீடி, அரிசி ஆலை ஒவ்வொன்றுக்கும் தமிழக அரசு தனித்தனியாக அறிவிக்கும், அதோடு சேரும் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் மாறும். போன வருஷக் கணக்கிலேயே ஓட்டுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஆளுக்கு மாதம் நூற்றைம்பது, இருநூறு குறைந்திருக்கும், அவ்வளவுதான், ஆனால் முதல் தடவையிலேயே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏப்ரலில் புதுக் கணக்கு நோட்டு போடும் அன்றே தொழிலாளர் துறை இணையதளத்தில் புது விகிதத்தையும் பார்த்துவிடுங்கள்.

காலையில ஒம்பது மணிக்குத் திறந்தா ராத்திரி பத்து மணிக்குத்தான் அடைப்போம். எல்லாருமே முழு நேரமும் நிக்காவ. இது ஊர் வழக்கம்தானே?

ஊர் வழக்கம்தான், ஆனால் சட்டப்படி தப்பு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு. இடைவேளை எல்லாம் சேர்த்து உள்ளே வந்ததிலிருந்து வெளியே போவது வரை பன்னிரண்டு மணிக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது முதல் பத்து வரை பதின்மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆட்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் காலையில் சீக்கிரம் வந்து சாயங்காலம் போகட்டும், மீதிப் பேர் பன்னிரண்டு மணிக்கு மேல் வரட்டும். தீபாவளி, பொங்கல், ஆனித் தேரோட்டம் மாதிரிக் கூட்டம் அலைமோதும் நாட்களிலும் இந்த வரம்பு மாறாது. அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதல் ஆள் போட்டுக்கொள்ளுங்கள்.

உட்காரும் உரிமையும் இதோடு சேர்ந்தது. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், வேலையாட்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்களைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாருங்கள், காலையில் சரியாக இருந்த செருப்பு வீங்கிய காலுக்குள் நுழையாமல் பாதி குதிகால் வெளியே நிற்கும். பலகைக்குப் பின்னால் நான்கு ஸ்டூல் போடுவதற்கு என்ன பெரிய செலவு? ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு ‘கஸ்டமர் இல்லாதப்பவும் உட்காராதே’ என்று சொல்லும் சூப்பர்வைசரையும் திருத்த வேண்டும்.

சம்பளத்தோட லீவு எத்தனை நாள் குடுக்கணும்?

வாரத்துக்கு ஒரு முழு நாள். ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. அதுபோக வருஷத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் 12 நாள், அவசரத்துக்கு 12 நாள். இதெல்லாம் கடைகள் சட்டம்.

விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். அன்றைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. தேர்தல் நாளில் ஓட்டுப் போட சம்பளத்தோடு விடுமுறை உண்டு. பத்துப் பேருக்கு மேல் வைத்து வருஷம் 365 நாளும் திறக்கும் கடை என்றாலும் ஆள் ஒவ்வொருவருக்கும் முறைபோட்டு வார விடுமுறை கொடுத்தாக வேண்டும். பெண்களை ராத்திரி எட்டு மணிக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும்.

பையனே இ.எஸ்.ஐ. வேண்டாம்ங்கான். ‘பிடிக்காதீங்க’ன்னு எழுதியே குடுக்கான். அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டாப் போதுமா?

அந்தப் பேப்பருக்கு மதிப்பே இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பமும் இல்லை, உங்கள் விருப்பமும் இல்லை. 14,000 சம்பளம் என்றால் அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 105 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். நடுவில் சம்பளம் ஏறி 21,000ஐத் தாண்டினால் உடனே நிறுத்தக் கூடாது. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற அரை வருஷம் முடியும் வரை கட்ட வேண்டும்.

அந்தப் பையனை உட்காரவைத்து நிதானமாகச் சொல்லுங்கள். 105 ரூபாய்க்கு அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம், வண்ணார்பேட்டை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே இருக்கிறது. நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், பெண்களுக்குப் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்படாதவர்கள்.

பதிவு பண்ணுறதுக்குள்ள ஒரு பையன் எண்ணெய்ச் சட்டியில கையைச் சுட்டுட்டான். இப்ப அவசரமாச் சேர்த்துரலாமா?

சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் அவர் சேர்ந்த உண்மையான தேதியைப் போட்டுச் சேருங்கள். விபத்துக்கு மறுநாள் சேர்த்ததாக எழுதினால் அது தனிக் குற்றமாகிவிடும். பத்துப் பேருக்கு மேல் இருந்தும் நீங்கள் பதியாமல் விட்டிருந்தால், இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குப் பலனைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும்.

பத்துப் பேருக்குக் குறைந்த கடை என்றால் இழப்பீடு நேராக உங்கள் பொறுப்பு. தொகையை நினைத்துப் பாருங்கள்: 25 வயது, மாதம் 15,000 சம்பளம், வேலையில் இறந்துபோனால் சம்பளத்தில் பாதியை, அந்த வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள 216.91 என்ற காரணியால் பெருக்க வேண்டும். 16,26,825 ரூபாய். சின்னக் கடையை விற்றாலும் வராது. இதற்கென்றே பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது, இன்றைக்கே விசாரியுங்கள். புதுச் சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

இருபது பேர் இருந்தோம், பி.எஃப். கட்டினோம். இப்ப பதினாறுதான். நிறுத்திரலாமா?

முடியாது. ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம் ஆள் குறைந்தாலும் உள்ளேயேதான். 15,000 வரை சம்பளம் உள்ளவர்கள் கட்டாயம். அவர் பங்கு 12, உங்கள் பங்கு 12, அதோடு காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் அரை அரை சதவீதம், ஆக உங்கள் கையிலிருந்து 13. உங்கள் பங்கையும் சேர்த்து அவர் சம்பளத்திலேயே பிடிப்பது தடைசெய்யப்பட்டது. அதைவிட மோசம், அவர் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவுப்படி அது நம்பிக்கை மோசடி, போலீஸ் வழக்கு. துட்டு முடையில் எதை வேண்டுமானாலும் தள்ளிப் போடுங்கள், இதை மட்டும் தொடாதீர்கள்.

பேசிக் 5,000, மீதி எல்லாம் அலவன்ஸ் என்று காட்டும் வழியும் அடைபட்டுவிட்டது. எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் அலவன்ஸும் அடிப்படைச் சம்பளம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2019இலேயே சொன்னது. இப்போது சட்டமே, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தில் சேரும் என்கிறது.

டவுன்ல ஒரு கடை என் பேர்ல, பாளையங்கோட்டையில ஒண்ணு வீட்டம்மா பேர்ல. பன்னெண்டு, பதினொண்ணு. தனித்தனியாத்தானே எண்ணுவாவ?

பெயர் வேறாக இருப்பதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. ஒரே குடோன், ஒரே கணக்குப்பிள்ளை, ஆள் இங்கேயும் அங்கேயும் மாறி நிற்பது, ஒரு கடைத் துட்டு இன்னொரு கடைச் சரக்குக்குப் போவது, ஒரே போர்டு, ஒரே பை, இதெல்லாம் இருந்தால் இரண்டும் ஒரே நிறுவனம் என்று பி.எஃப். அலுவலகம் முடிவுசெய்யும். அப்போது இருபத்துமூன்று பேர். நிஜமாகவே தனித்தனித் தொழில் என்றால் வங்கிக் கணக்கு, கொள்முதல், ஆட்கள் எல்லாம் தனியாக இருக்க வேண்டும். இருபதைத் தொடாமல் இருப்பதற்காகவே பிரிப்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அந்த மூளையை வியாபாரத்தில் போடுங்கள்.

அட்வான்ஸ் அம்பதாயிரம் வாங்கிட்டு ஓடிருவான். பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவுல வெச்சிருக்கோம். தப்பா?

தப்பு, இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கலாம், மேலே சொன்ன பாதி வரம்புக்குள். ஆனால் ‘அட்வான்ஸ் தீரும் வரை வேறு எங்கும் போகக் கூடாது’ என்று ஒருவரைப் பிடித்து வைப்பது 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும், மூன்று வருஷம் வரை சிறை. சர்ட்டிபிகேட், ஆதார், ஏ.டி.எம். கார்டு இவற்றை நீங்கள் வைத்திருந்தால் வழக்கில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. செங்கல் சூளையில் மட்டும்தான் கொத்தடிமை என்று நினைக்க வேண்டாம், முறுக்குக் கம்பெனியிலும் ஹோட்டல் சமையல்கட்டிலும் அதே கதைதான்.

ஓடிப்போனால் கடன் கடன்தான், சிவில் வழக்குப் போடலாம். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள், கொடுத்ததை எழுதி வாங்குங்கள்.

வடக்கத்திப் பையங்க எட்டுப் பேர். சம்பளத்தை மேஸ்திரி கையில மொத்தமாக் குடுத்துருவோம். அவன் பார்த்துக்கிடுவான்.

மேஸ்திரி பார்த்துக்கொள்ளவில்லை என்றால் நீங்கள் இரண்டாவது தடவை கொடுக்க வேண்டியிருக்கும். கேட்பவர் மொழி வேறாக இருந்தாலும் குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம், இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் ஒன்றே. ஒவ்வொருவர் கணக்கிலும் நேராகப் போடுங்கள். தொழிலாளர் துறையின் வெளிமாநிலத் தொழிலாளர் இணையதளத்தில் அவர்கள் விவரத்தைப் பதியுங்கள். பலரிடம் ஏற்கெனவே பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் இருக்கும், புதிது போடும் முன்னால் கேளுங்கள்.

பொம்பளைப் பிள்ளைய மூணு பேர்தான், மொத்தம் பதினாலு. கமிட்டியெல்லாம் போடணுமா?

போட வேண்டும். பத்து என்பது மொத்த ஆள் கணக்கு, பெண்கள் கணக்கு இல்லை. 2013ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி மூத்த பெண் ஊழியர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். போடாவிட்டால் 50,000 வரை அபராதம். பத்துக்குக் குறைந்த இடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம், அதை அவர்களுக்குச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

குழு பெயரளவில் இருந்தால் பயனில்லை. உறுப்பினர்களின் பெயரையும் போன் நம்பரையும் பெண்கள் உடை மாற்றும் அறையில், அவர்கள் மட்டும் நின்று படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். கல்லாவுக்கு மேலே ஒட்டினால் முதலாளி பார்க்கப் பார்க்க எந்தப் பெண் நம்பரைக் குறித்துக்கொள்வாள்?

பீடி வீட்டுல வெச்சுத்தானே சுத்துதாவ. அவங்க எப்படி என் ஆளாவாவ?

இலை, தூள் கொடுப்பது நீங்கள், சுற்றி வந்ததைத் தரம் பார்த்துக் கழிப்பது நீங்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளிதான், பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பீடித் தொழிலுக்கு விகிதம் 12 அல்ல, 10 சதவீதம். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் ஏஜென்ட் வழியாகக் கொடுப்பவர்களும் தப்ப முடியாது, ஏஜென்சி பற்றி இரண்டாவது பதிலில் சொன்னதுதான் இங்கும். ஒரு பெயரில் பாஸ் புத்தகம் போட்டு மூன்று பேர் சுற்றிய கணக்கை எழுதுவதை நிறுத்துங்கள். மற்ற இரண்டு பெண்களின் உழைப்புக்குப் பதிவே இல்லாமல் போகிறது.

கல்லாவுல கையை வெச்சான், கையும் களவுமாப் பிடிச்சோம். அப்பவே வெளிய போன்னுட்டேன். இதுலயும் சட்டம் என்னைத்தான் கேக்குமா?

கேட்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம். திருட்டு போன்ற தவறு என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் அதை விசாரித்து நிரூபித்திருக்க வேண்டும். என்ன செய்தார் என்று எழுதிக் கொடுங்கள், பதில் எழுத நாள் கொடுங்கள், சம்பந்தப்படாத ஒருவரை வைத்து விசாரியுங்கள், அவர் தரப்பையும் எழுதுங்கள். பத்து நாள் வேலை. கோபத்தில் அன்றைக்கே அனுப்பினால் திருடியவர் மேல்முறையீட்டில் ஜெயித்துவிடுவார், ஏனென்றால் உங்களிடம் ஒரு காகிதம்கூட இருக்காது.

விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் உண்டு: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். இழுத்தடித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டான். ரெண்டு மாசம் கழிச்சு வந்து கிராஜுவிட்டி கேக்கான். அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்?

சொல்லாமல் நின்றது தப்புதான், ஆனால் அதற்காகக் கிராஜுவிட்டியை நிறுத்த முடியாது. ஐந்து வருஷம் முடித்திருந்தால் அது அவர் சம்பாதித்த பணம். கடைசிச் சம்பளம் 18,000, பன்னிரண்டு வருஷம் ஏழு மாதம் என்றால் பதின்மூன்று வருஷமாக எடுத்துக்கொண்டு, 18,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து 13ஆல் பெருக்குங்கள்: 1,35,000 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் போட்டு எடுத்தவருக்கு இப்போது ஒரு வருஷத்திலேயே விகிதப்படி உண்டு.

இனி யாராவது வராமல் நின்றால் ஒரு வாரத்தில் வேலைக்கு வரச் சொல்லி ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போட்டு ரசீதை வையுங்கள். ‘அவரே நின்றுவிட்டார்’ என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம், இல்லாவிட்டால் ‘முதலாளி வெளியே அனுப்பினார்’ என்று முந்தைய கேள்விக்குள் போய்விடுவீர்கள்.

தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி, ஸ்வீட் பாக்ஸ், கையில மூவாயிரம். இது போனஸ்தானே?

துணியும் ஸ்வீட்டும் உங்கள் அன்பு, போனஸ் கணக்கு தனி. வருஷத்தில் முப்பது நாள் வேலை பார்த்தவருக்கே போனஸ் உண்டு, குறைந்தது 8.33 சதவீதம், நஷ்டமே வந்தாலும். அந்த மூவாயிரத்தை மட்டும் போனஸ் முன்பணம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

இருபது தாண்டி ரெண்டு வருசமாச்சு, இன்னும் பி.எஃப். கட்டல. இப்ப போய்ப் பதிஞ்சா பழசெல்லாம் தோண்டிருவாவளோ?

தோண்டுவார்கள், ஆனால் பதியாமல் இருந்தால் தோண்டாமல் விடுவார்கள் என்றும் இல்லை. ஒரே ஒருவர் வேலையை விட்டுப் போய்ப் புகார் எழுதினால் போதும். ஐந்து வருஷம் வரை பின்னால் போய் விசாரணை தொடங்கலாம். பழைய பாக்கிக்கு ஆட்களின் பங்கை இப்போது அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது, இரண்டு பங்கும் உங்கள் கையிலிருந்துதான். 22 பேர், ஆளுக்கு 12,000 என்று வைத்துக்கொண்டால் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மாதம் 34,320 உங்கள் பங்கு, இப்போது மாதத்துக்கு 66,000, வருஷத்துக்கு 7,92,000. அதன் மேல் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, மாதம் ஒரு சதவீத அபராதச் சேதம். ஒவ்வொரு மாதமும் அது ஏறிக்கொண்டே போகும்.

பதியும்போது இருபதாவது ஆள் சேர்ந்த உண்மைத் தேதியையே போடுங்கள். இன்றைய தேதியைப் போட்டுப் பதிந்துவிட்டு, இ.எஸ்.ஐ. சலானிலோ வருமான வரிக் கணக்கிலோ இரண்டு வருஷம் முன்பே இருபத்திரண்டு பேர் என்று இருந்தால் அவர்கள் அதை எடுத்து எதிரே வைப்பார்கள். பழைய வருகைப் பதிவேடு, வங்கி ஸ்டேட்மென்ட், வேலையை விட்டுப் போனவர்களின் பெயரும் ஆதார் எண்ணும், இவற்றை முதலில் ஒரு ஃபைலில் சேருங்கள். போனவர்களையும் விடாமல் சேர்க்க வேண்டும், அந்தப் பணத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்த மாதச் சம்பளத்திலிருந்து நடப்புப் பங்கைக் கட்டத் தொடங்கிவிட்டு, பழைய பாக்கிக்கு மாதவாரியாகக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.